எடைமேடை

ஆரம்பாக்கம் தாண்டி, தடாவுக்கு முன்னால் எங்கள் கம்பெனி.
கேட்டில் நின்றால் கைப்பேசி ஒரு மாநிலத்துக்கு வரவேற்கும்,
கேன்டீனில் நின்றால் இன்னொன்றுக்கு.
நான் மனிதவளம். இரண்டாம் மாடி, ஏசி ஒழுகும் மேசை.

தலைமையகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது:
வெளிநாட்டுப் பணி முடித்துத் திரும்பியவர்
கற்றதை எவ்வளவு பகிர்ந்தார்?
எத்தனை கூட்டம், எத்தனை தலை, எத்தனை கோப்பு.
ஒன்று முதல் ஐந்து வரை.
வெள்ளி மாலை ஐந்துக்குள்.

ஜோயல் தேவசித்தம், உல்சானில் ஒன்பது மாதம்.
அறுபத்திரண்டு ஸ்லைடு, நாலு கூட்டம்,
கூட்டத்துக்குக் கூட்டம் சமோசா.
நாலு புள்ளி எட்டு. கை தானாகப் போட்டது.
நாற்பதாவது ஸ்லைடில் நான் தூங்கிப்போனேன்,
அதற்குக் கட்டம் இல்லை.

பெஞ்சலய்யா, அதே உல்சான், பதினாலு மாதம்.
கூட்டம் இல்லை. கோப்பு இல்லை.
'இன்னும் பகிராதது ஏதேனும்?' என்ற கேள்விக்கு
தெலுங்கில் ஒரே ஒரு சொல்.
வாட்ச்மேன் சுப்பராயுடு படித்துச் சொன்னார்:
"சலி. குளிரும்மா."

ஒன்றரை போட்டு மூடிவிட்டு
வேறு வேலையாக, மூன்றாம் ஷிப்ட்டின் கழிவுக் கணக்கைத் திறந்தேன்.
நூறு வார்ப்பில் ஒன்பது உலைக்கே திரும்பிக்கொண்டிருந்தது.
ஆடியிலிருந்து நாலு.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை.
ஒரு மணிக்கு, காதில் பஞ்சோடு, இறங்கிப் போனேன்.
சூளூர்ப்பேட்டைப் பையனிடம் தெலுங்கில் கேட்டேன்,
கும்மிடிப்பூண்டிப் பையனிடம் தமிழில்,
ஒடிசாக்காரனிடம் பாதி இந்தியில், மீதி கையில்:
யார் கற்றுக்கொடுத்தது?
மூன்று மொழியிலும் ஒரே பதில்.
"யாருமில்ல மேடம். நாங்களே செய்றோம்."
சொன்ன முகங்களில் கர்வம் பளபளத்தது,
அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

தவறுப் பதிவேட்டைப் புரட்டினேன்.
சித்திரை, வைகாசி, பக்கம் பக்கமாக
'மெஷின் கோளாறு', 'மெஷின் கோளாறு'.
ஆடி பிறந்ததும்
பெஞ்சலய்யா. பெஞ்சலய்யா. பெஞ்சலய்யா.
அவர் விடுப்பில் இருந்த செவ்வாய்க்கிழமைகூட.
பன்னிரண்டாம் நாள் வேறு கையெழுத்து, கோணல்மாணலாக:
'அச்சு சூடேறுமுன் ஊற்றிவிட்டேன். சோமேஷ்.'
அப்புறம் தாமு. அப்புறம் படித்தறிய முடியாத ஒரு ஒடியா.
மெஷினுக்கு அதன்பிறகு கோளாறே வந்ததில்லை.

டீ எந்திரத்தடியில் பிடித்தேன் அவரை.
"அங்க ஒரு பின்னை உடைச்சேன் மேடம்.
எங்க சூப்பர்வைசர் அவன் பேரை எழுதிட்டு
சிகரெட் பிடிக்கப் போய்ட்டான்.
அவ்ளோதான் நான் கத்துட்டு வந்தது."
இதைக் கூட்டம் போட்டுச் சொல்லியிருக்கலாமே என்றேன்.
"சொல்லிட்டா அப்புறம் யாரு எழுதுவாங்க?"

விடிகாலை வேன். எளாவூர் சாவடியில் நெரிசல்.
எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்றது,
டிரைவர் பல்குச்சியோடு ஜன்னலில்.
வெறும் வண்டியின் எடை தெரிந்தால்தான்
சரக்கின் எடை தெரியும்.
போகும்போது இவரை நாங்கள் நிறுத்திப் பார்க்கவில்லை,
விசாவும் கம்பளிச் சட்டைக்கு முன்பணமும் கொடுத்ததோடு சரி.
இறக்கிய சரக்கைக் கேட்டாலோ
அது, நான் இங்கேயே விளைந்தேன் என்கிறது.

வெள்ளி, நாலு ஐம்பது.
நாலுக்கு மேல் போட்டால் ஆதாரம் இணைக்க வேண்டும்.
இரண்டுக்குக் கீழே போட்டால் விளக்கம் தர வேண்டும்.
மூன்று போட்டேன்.
மூன்றை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

கர்சர் 'குறிப்பு' என்ற கட்டத்தில் போய்த் துடித்தது.
முன்பெல்லாம் 'இல்லை' என்று அடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.
அடித்தேன்:
மதிப்பெண் தவறு. அளந்த முறையும்தான். போட்டது கோமளவ

அதற்குமேல் எழுத்து ஏறவில்லை அந்தக் கட்டத்தில்.
அப்படியே அனுப்பினேன்.